பால்வெட்டு நேரத்தில் கிளம்புங்கள்

மலாக்காவில் புதிதாக ரோட் பைக் வாங்கிய பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "அங்கிள், கடலோரமாகவே எவ்வளவு தூரம் போகலாம்?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. நீரிணையைப் பார்த்தபடி இருக்கும் ஊர். வரைபடத்தை விரித்தால் 5ஆம் எண் கூட்டரசுச் சாலை கரையை உரசிக்கொண்டே மூவார் வரை போவது போலத் தெரியும். ஆனால் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது வேறு. கடலோரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். அதன் பிறகு கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு உள்ளே வாருங்கள். மலாக்காவின் நல்ல சைக்கிள் சாலைகள் தோட்டங்களுக்கு நடுவே இருக்கின்றன. ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு தே தாரேக் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

முதலில் கடலோரத்தையே பார்த்துவிடுவோம். பண்டார் ஹிலிரிலிருந்து தெற்கே, போர்த்துகீசியக் குடியிருப்பு இருக்கும் ஊஜோங் பாசிரைத் தாண்டினால் உம்பாய், செர்காம், மெர்லிமாவ், சுங்கை ரம்பாய் என்று ஊர்கள் வரிசையாக வரும். கெசாங் ஆற்றைக் கடந்தால் ஜொகூர். அங்கிருந்து மூவார் பக்கம்தான். மொத்தம் நாற்பத்தைந்து கிலோமீட்டர் அளவில் இருக்கும். மேடே கிடையாது. வலப்பக்கம் கடல் இருக்கிறது என்று மனத்துக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. சாலைக்கும் கரைக்கும் இடையே கம்பத்து வீடுகள், தென்னை, அலையாத்திக் காடு. பெயர் பெற்ற உம்பாய் சுட்ட மீன் கடைகளோ பொழுது சாய்ந்த பிறகு களைகட்டுபவை, காலையில் மிதிப்பவருக்கு உதவாது. மெர்லிமாவில் நிறுத்தி, வண்ண ஓடு பதித்த படிக்கட்டு உள்ள பழைய பெங்ஹுலு வீட்டைப் பார்க்கலாம். அதைத் தவிர இந்தச் சாலையில் உங்களுக்குத் துணை லாரிகள்தான்.

வடக்கே போனால் கிளேபாங், தஞ்சோங் கிளிங். அதற்கு மேல் சாலை கரையை விட்டு உள்வாங்கிவிடும். அந்தப் பக்கத்துக் கடலோரத்தை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் தெரெண்டாக் ராணுவ முகாமும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மஸ்ஜித் தானாவுக்குப் போய்ச் சுற்றி, தஞ்சோங் பிடாராவில்தான் திரும்பக் கடலைப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து பெங்காலான் பாலாக் வழியாகக் குவாலா லிங்கி வரை போகும் சாலை அருமையானது, அதை மறுக்க மாட்டேன். கரையும் தெரியும், வண்டியும் குறைவு. ஆனால் நகரிலிருந்தே மிதித்துப் போய்த் திரும்புவது புதியவர்களுக்குப் பெரிய தூரம். சைக்கிளைக் காரில் ஏற்றி மஸ்ஜித் தானாவுக்குக் கொண்டுபோய் அங்கிருந்து தொடங்குவதே புத்தி.

தெற்குக் கடலோரச் சாலைக்குச் சைக்கிளோடு ஒரு பழைய கணக்கு உண்டு. 1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கத் தொடங்கிய ஜப்பானியப் படை, தீபகற்பத்தின் நீளத்தைப் பெரும்பாலும் சைக்கிளில்தான் கடந்தது. 1942 ஜனவரி நடுவில் அதன் அரச காவல் பிரிவு மலாக்காவைப் பிடித்துக்கொண்டு மூவார் ஆற்றங்கரைக்குப் போனது. வெயிலில் டயர் வெடித்தால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்களாம். ராத்திரியில் தார்ச் சாலையில் அந்த இரும்புச் சத்தம் டாங்கி வருவது போலக் கேட்டதாகப் போர் நூல்கள் சொல்கின்றன. இங்கே போடப்பட்டிருந்த நல்ல தார்ச் சாலைகள்தான் அந்தப் படைக்கு அவ்வளவு வேகம் கொடுத்தன. அந்தச் சாலைகள் எதற்காகப் போடப்பட்டவை என்று கேட்டால் விடை தோட்டத்தில் இருக்கிறது.

அதற்கு முன் நேரத்தைப் பற்றிப் பேச வேண்டும். இங்கே எந்த வழியில் போகிறோம் என்பதை விட எப்போது கிளம்புகிறோம் என்பதே பெரிய விஷயம். 1982 தொடக்கத்தில் தீபகற்பத்துக் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து நமக்குச் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழுகிறது. பத்து மணிக்குள் சாலை சுடத் தொடங்கிவிடும். ஆகவே நல்ல நேரம் என்பது விடிவதற்குச் சற்று முன்னும் அதன் பின் மூன்று மணி நேரமும்தான்.

இந்த நேரம் நம் ஆட்களுக்குப் புதிதல்ல. பால்மரம் வெட்டியவர்கள் வீட்டில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். இருட்டிலேயே பிரட்டுக்குப் போய் நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கியது அதிகாரியின் பிடிவாதத்தால் மட்டும் நடந்ததல்ல. இரவில் மரத்தின் இலைகள் நீரை அதிகம் வெளியே விடுவதில்லை. பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் ஏறி நிற்கும். அந்த நேரத்தில் உளி பட்டால் பால் நன்றாக இறங்கி மங்கை நிரப்பும். வெயில் ஏற ஏற இலை நீரை விடும், அழுத்தம் விழும், பாலும் சுருங்கும். மனித உடம்பும் ஏறக்குறைய அப்படித்தான். குளிர்ந்த நேரத்தில் இரண்டு மணி நேரம் மிதிக்கிற கால், பதினொரு மணி வெயிலில் அரை மணியில் ஓய்ந்துவிடும். இங்கே காற்றில் ஈரம் அதிகம். வியர்வை உலராமல் வழிந்தோடுவதால் உடம்பும் குளிர்வதில்லை. ஆக, பால்வெட்டு நேரத்தில் கிளம்புங்கள், பால் நிறுக்கும் நேரத்துக்குள் திரும்புங்கள். எங்கள் தாத்தா பாட்டிகள் வைத்திருந்த கால அட்டவணையை விடச் சிறந்த ஒன்றை எந்தப் பயிற்சி நூலும் தரவில்லை.

மழையும் அதே பாடம்தான். மரம் நனைந்தால் அன்று வெட்டு இல்லை. ஏப்ரல் முதல் அக்டோபர், நவம்பர் வரை விடியற்காலையில் நீரிணைக்கு அப்பாலிருந்து 'சுமத்ரா' வரும். மேற்கே அடிவானத்தில் கறுத்த கோடு போல மேகம் தெரிந்தால், சற்று நேரத்தில் பலத்த காற்றும் கொட்டும் மழையும் வந்து, ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். கிளம்பும் முன் வீட்டு வாசலில் நின்று மேற்கே ஒருமுறை பாருங்கள். கோடு தெரிந்தால் இன்னொரு கோப்பி குடித்துவிட்டு, அது கடந்த பிறகு போகலாம். நடுவழியில் மாட்டிக்கொண்டால் மரத்தடியில் ஒதுங்க வேண்டாம். பஸ் நிறுத்தமோ கடைத் திண்ணையோ பாருங்கள்.

இனி உள்வழி. முதல் பயணத்துக்கு நான் சொல்வது புக்கிட் லிந்தாங். நகருக்குக் கிழக்கே, மெதுவாக மிதித்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது. வீடுகள், பழமரங்கள், ஒரு தமிழ்ப்பள்ளி. ஆனால் சைக்கிள் ஓட்டுகிற எவரும் ஒருமுறையாவது அங்கே நிற்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காரணம் உங்கள் வண்டியின் டயரில் இருக்கிறது.

1888இல் பெல்பாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் மோகம் தலைக்கேறியது. கார்கள் பெருகுவதற்கு முன்பே ரப்பருக்குக் கிராக்கியை ஏற்றிவிட்டது சைக்கிள்தான். அப்போது உலகத்துக்கு வேண்டிய ரப்பர் பெரும்பாலும் பிரேசில் காடுகளில் தானாக வளர்ந்த மரங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1877இல் சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு இருபத்திரண்டு கன்றுகள் வந்து சேர்ந்தும் இங்குள்ள தோட்டக்காரர்கள் அதைத் தொட மறுத்தார்கள். 1888இல் அந்தப் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி ஊர் ஊராக அலைந்து, இந்த மரத்தை நடுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சரிவாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவரும் அவர்தான். காது கொடுத்துக் கேட்டவர் மலாக்காக்காரர் ஒருவர். மரவள்ளி பயிரிட்ட செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த டான் சே யான். 1896இல் அவர் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கர் அளவில் நட்டதுதான் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம்.

அது தேறியதும் அவர் அசாஹானுக்குப் போனார். அங்கே புக்கிட் அசாஹானில் அவர் எடுத்த பரப்பு மூவாயிரம் ஏக்கர். அதன் பிறகு நடந்தது நம் கதை. காட்டை வெட்ட, கன்று நட, பால் எடுக்கத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்ட பிறகு கங்காணி முறையே பெருவழியானது. 1938இல் இந்திய அரசு தடுக்கும் வரை கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. சைம் டார்பி என்று இன்று உலகம் அறிந்த நிறுவனமும் 1910இல் இதே மலாக்காவில்தான் தொடங்கியது, ரப்பர்த் தோட்டம் நடத்துவதற்காக. ஆக நாற்பது ஏக்கரில் தொடங்கியது கால் நூற்றாண்டுக்குள் மாநிலத்தின் முகத்தையே மாற்றிவிட்டது. சைக்கிள் டயருக்குப் பால் வேண்டும் என்ற தேவையின் முதல் அலையில் நடப்பட்ட மரங்கள் அவை. அந்த மண்ணுக்குச் சைக்கிளிலேயே போய்ச் சேர்வதில் ஒரு பொருத்தம் இருக்கிறது அல்லவா?

அந்தத் தோட்டங்களுக்காகத்தான் உள்நாட்டுச் சாலைகள் பெருகின. ஷீட்டும் ஒட்டுப்பாலும் ஸ்டோரிலிருந்து பட்டணத்துக்குப் போக வேண்டும், அரிசியும் கருவாடும் பட்டணத்திலிருந்து தோட்டத்துக்கு வர வேண்டும். குன்றைக் குடைந்து நேராகப் போட யாரிடமும் பணமோ இயந்திரமோ இல்லை. அதனால் குன்றின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் போட்டார்கள். மாட்டுவண்டி ஏறக்கூடிய சரிவு, மாடு இளைப்பாறும் தூரத்துக்கு ஒரு கடைத்தெரு. இன்று காரில் போகிறவருக்கு இந்த வளைவுகள் எரிச்சல். சைக்கிளுக்கோ இதைவிடப் பொருத்தமான அளவை யாரும் திட்டமிட்டுக்கூடப் போட்டிருக்க முடியாது. ஏற்றம் நுரையீரலைச் சோதிக்கும், ஆனால் கொல்லாது. தண்ணீர் தீரும் முன் அடுத்த கடை வரும்.

இந்தச் சாலைகளை அடையாளம் காண்பது சுலபம். மைல்கல்லிலும் பலகையிலும் வெறும் எண் இருந்தால் கூட்டரசுச் சாலை. 'எம்' என்ற எழுத்தோடு எண் இருந்தால் மலாக்கா மாநிலச் சாலை. எம் சாலைகளைத் தேடிப் பிடியுங்கள். அலோர் காஜாவையும் ஜாசினையும் நகரின் புறவழியாக இணைக்கும் ஏ.எம்.ஜே. நெடுஞ்சாலை, 19ஆம் எண், அகலமாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். அந்த அகலமே ஆபத்து. லாரி ஓட்டுநர் அங்கே வேகத்தைக் குறைக்க ஒரு காரணமும் இல்லை. அதைக் குறுக்கே கடக்கலாம், அதன் மேல் நீண்ட தூரம் போகாதீர்கள். 'ஈ' எழுத்து உள்ள சுங்கச் சாலையில் சைக்கிளுக்கு அனுமதியே கிடையாது.

இரண்டாவது பயணம் பெம்பான் வழியாக ஜாசின். போக வர அறுபது கிலோமீட்டரைத் தொடும். ஜாசின் சிறிய, அமைதியான ஊர். காலையில் ரொட்டி சானாய்க்கும் தோசைக்கும் கவலை இல்லை. இங்கே ஒரு காற்றுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பலர் இதைக் கவனிப்பதில்லை. விடியற்காலையில் கரைப்பக்கம் காற்று அசையாது, அல்லது நிலத்திலிருந்து கடலுக்கு மெல்ல வீசும். பத்து, பதினொரு மணிக்கு மேல் நிலம் சூடேறிக் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கும். ஜாசினிலிருந்து மலாக்காவுக்குத் திரும்பும்போது நீங்கள் தென்மேற்கே பார்த்து வருகிறீர்கள். காற்று முகத்துக்கு நேரே. ஏற்கெனவே களைத்த காலுக்கு அது ஏற்றத்தை விடக் கொடுமை. ஜாசினில் எட்டரைக்கு மேல் உட்காராதீர்கள்.

மூன்றாவதுதான் நான் எல்லாரையும் அனுப்பிவைக்க ஆசைப்படும் பயணம்: ஜாசினிலிருந்து மேலும் வடகிழக்கே அசாஹான். சாலை ஏறி இறங்கி ஏறும். ஒரு திருப்பத்தில் குனோங் லேடாங் முழுசாக எழுந்து நிற்கும், 1,276 மீட்டர். மலை ஜொகூரில் இருக்கிறது, அதன் காலடி மட்டும் நம் மாநிலம். டான் சே யானின் மூவாயிரம் ஏக்கர் இந்த அடிவாரத்தில்தான் தொடங்கியது. இப்போது பெரும்பகுதி செம்பனை. ரப்பர் நிரை சாலைக்கு நிழல் கொடுத்தது, செம்பனை கொடுப்பதில்லை. மிச்சமிருக்கும் ரப்பர்க் காட்டு ஓரத்தில் போகும்போது குளிர்ச்சி தோலில் தெரியும். ஆனால் ஆண்டின் தொடக்க மாதங்களில் பால்மரம் இலையை உதிர்த்துவிடும், அப்போது அந்த நிழலும் இருக்காது; சாலையெங்கும் சருகு. நனைந்த சருகில் பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள்.

போகிற வழியில் பள்ளிப் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள். ஜாசின் லாலாங் தோட்டத் தமிழ்ப்பள்ளி, டைமண்ட் ஜூப்லி தோட்டத் தமிழ்ப்பள்ளி. தெற்கே செர்காம் தோட்டம், வடக்கே தெபோங் தோட்டம் என்று மாநிலம் முழுக்க இப்படி. லயங்கள் இடிக்கப்பட்டு, ஆட்கள் பட்டணத்துத் தாமான்களுக்குப் போன பிறகும் பல இடங்களில் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்பது பள்ளிதான். அதற்கடுத்து மாரியம்மன் கோயில். தோட்ட நிலம் கொம்பனியுடையது, வீடு கொம்பனியுடையது, மரமும் கொம்பனியுடையது. பொதுவில் நமக்கென்று மிஞ்சியது அவற்றுக்கு நடுவே போகும் மாநிலச் சாலை ஒன்றுதான். அதில் நம் பிள்ளைகள் போக வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். காரில் போனால் நாற்பது நிமிடத்தில் அசாஹான் வந்துவிடும், ஒரு பலகையும் கண்ணில் படாது. சைக்கிளின் வேகத்தில் எல்லாம் படிக்கக் கிடைக்கும்.

வடக்கே இன்னொரு வழி உண்டு, டுரியான் துங்கல், அலோர் காஜா, காடேக், புலாவ் செபாங். அலோர் காஜா சாலையின் வயது பெரிது. 1832இல் நானிங் தலைவர் டோல் சாயிட்டை அடக்கப் போன பிரிட்டிஷ் படை, காட்டை வெட்டிப் பாதை போட்டபடி மாதக்கணக்கில் நகர்ந்தது இந்தத் திசையில்தான். காடேக்கில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. களைத்த காலுக்கு நல்லது. புலாவ் செபாங் ரயில் நிலையத்தில் வண்டியைச் சாய்த்துவிட்டு ஒன்றை நினைத்துப் பாருங்கள். 1905இல் இங்கிருந்து மலாக்கா நகருக்கு ஒரு கிளை ரயில் பாதை போடப்பட்டது. போர்க்காலத்தில் ஜப்பானியர் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்து, சயாம்–பர்மா பாதைக்குக் கொண்டுபோனார்கள். தோட்டங்களிலிருந்து நம் ஆட்களையும் அதே பாதைக்குத்தான் கொண்டுபோனார்கள், மலாயா முழுவதிலுமிருந்து பல்லாயிரம் பேரை. பெரும் எண்ணிக்கையில் அவர்கள் அங்கேயே மாண்டார்கள். மலாக்கா நகருக்கு ரயில் திரும்ப வரவே இல்லை. நீங்கள் நகருக்குத் திரும்பும் சாலைப் பயணம், அந்த ரயில் ஓடிய அதே இரண்டு ஊர்களுக்கு இடையிலானது.

கடைசியாகக் கருவி விஷயம், சுருக்கமாக. இருபத்தெட்டு மில்லிமீட்டர் டயர் போடுங்கள். மெல்லிய டயர் இந்தச் சாலைக்கு ஆகாது. செம்பனை மட்டையின் முள்ளும், வெடித்த லாரி டயரிலிருந்து சிதறும் நூல் போன்ற கம்பியும்தான் பஞ்சருக்குக் காரணம். இரண்டு ட்யூப், ஒரு பம்பு கட்டாயம். குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள், பழம் உதிரும். பின் விளக்கைப் பகலிலும் எரிய விடுங்கள்.

தோட்டத்துச் செம்மண் சடக்கில் இறங்க ஆசை வரும். கேட்டில் காவலர் இருந்தால் இறங்கி நின்று கேளுங்கள். எங்கள் பாட்டி இங்கே பால் வெட்டியவர், லயம் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் பல இடங்களில் விடுவார்கள். இல்லை என்றால் வாதாட வேண்டாம், அது தனியார் நிலம். குலை வெட்டும் நாளில் உள்ளே டிராக்டர் ஓடும், அப்போது போகவே கூடாது. மழை பெய்த மறுநாளும் வேண்டாம். செம்மண் பிரேக்கில் ஏறி அடைத்துக்கொள்ளும்.

மாசி மகத்தை ஒட்டிய நாள்களில் செங் சாலையைத் தவிர்த்துவிடுங்கள். சன்னாசிமலை ஆண்டவரைப் பார்க்கப் போகும் கூட்டத்தில் சைக்கிளுக்கு இடம் கிடைக்காது, நடந்து போவதே முறை. மற்ற ஞாயிறுகளில் ஆறரைக்கு, ஜாலான் துக்காங் எமாஸில் 1781இல் மலாக்கா செட்டிகள் எழுப்பிய பொய்யாத மூர்த்தி விநாயகர் வாசலில் கூடலாம். அந்த நேரத்தில் தெருவில் வண்டி இருக்காது. முதல் வாரம் புக்கிட் லிந்தாங், கால் பழகிய பிறகு ஜாசின். அசாஹானுக்கு அவசரப்பட வேண்டாம். ஜாசின் போய்வந்த மறுநாள் படியேற முடிகிறதா என்று பாருங்கள், முடிந்தால் அடுத்த மாதம் கிளம்பலாம்.